150 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

இந்த வாரம் ஒரு தப்புக் கணக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். கணக்குப் போட்டவன் என் மாணவன். ஆனால், தப்பில் பெரிய பங்கு என்னுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்காகப் படிவம் 4 மாணவன் ஒருவன் ஒரு கருவி செய்தான். பொம்மைக் காருக்குள் இருக்குமே, அந்தச் சின்ன மோட்டார். ஒரே வகையில் இரண்டு வாங்கினான். மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றால் இரண்டின் அச்சுகளையும் நேருக்கு நேர் இணைத்தான். ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். அது சுழன்றால் அடுத்ததும் சுழலும். அப்படிச் சுழற்றப்படும் மோட்டார் தானே ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். செலவு பத்து ரிங்கிட்டுக்குள்தான்.

பள்ளி முடிந்து நான் ஆய்வுக்கூடத்தில் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன். ஓடி வந்தான். “டீச்சர், உள்ள 1.2 வாட் போவுது, வெளிய 1.8 வாட் வருது. 150 விழுக்காடு!”

நான் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஆற்றல் அழியாமை விதி படிச்சியா இல்லையா? நூத்துக்கு மேல வராது. மறுபடியும் அளந்து பாரு” என்றேன். மறுபடியும் அளந்தான். அதே 150. மூன்றாம் முறையும் அதே. அடுத்த வாரம் அவன் செயல்திட்டத்தையே மாற்றிக்கொண்டான். மண்ணில்லாமல் கீரை வளர்ப்பது. கீரை நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால், அந்த இரண்டு மோட்டார்களை அவன் திரும்பத் தொடவே இல்லை.

நான் சொன்னது சரியான விடை. ஆனால், அது அவன் கேட்ட கேள்விக்கான விடை அல்ல. “முடியுமா, முடியாதா” என்று அவன் கேட்கவில்லை. அவன் கையில் ஓர் எண் இருந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் அன்று விடை இல்லை. விடை இல்லாததை மறைக்க விதியைத் தூக்கிக் காட்டினேன். ஆசிரியர்கள் செய்யக்கூடாத வேலை இது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

பள்ளி விடுமுறையில் அந்த மோட்டார்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவன் செய்ததை அப்படியே செய்து பார்த்தேன். எனக்கும் 150 வந்தது!

எப்படி என்று பார்ப்போம். அதற்கு முன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் நாம் ‘சக்தி’ என்று படித்ததை இங்கே ‘ஆற்றல்’ என்கிறேன். மலாயில் தெனாகா. ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செல்கிறது என்பது ‘திறன்’. மலாயில் குவாசா. ஆற்றலை ஜூலிலும் திறனை வாட்டிலும் அளக்கிறோம். நேர்மின்னோட்டத்தில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சிக்கல் வாய்பாட்டில் இல்லை; எந்த மின்னழுத்தத்தை எந்த மின்னோட்டத்தால் பெருக்குகிறோம் என்பதில் இருக்கிறது.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு மல்டிமீட்டர். அதை ஒவ்வோர் இடமாக மாற்றி மாற்றி வைத்து அளந்தான். மோட்டாருக்கு 3.0 வோல்ட், 0.40 ஆம்பியர். பெருக்கினால் 1.2 வாட். பிறகு மீட்டரை ஜெனரேட்டரின் இரண்டு முனைகளிலும் வைத்தான், 2.4 வோல்ட். பிறகு மீட்டரை ஆம்பியருக்குத் திருப்பி அதே இரண்டு முனைகளில் வைத்தான், 0.75 ஆம்பியர். 2.4-ஐ 0.75-ஆல் பெருக்கினால் 1.8 வாட்.

இங்கேதான் பூனை ஒளிந்திருக்கிறது. வோல்ட் அளந்தபோது ஜெனரேட்டரில் எந்தச் சுமையும் இல்லை. மின்னோட்டம் ஏறக்குறையப் பூஜ்ஜியம். ஆகவே வெளிவந்த திறனும் பூஜ்ஜியம். ஆம்பியர் அளந்தபோது மீட்டர் ஒரு சாதாரணக் கம்பியைப் போல இரண்டு முனைகளையும் நேரடியாக இணைத்துவிட்டது. ஆம்பியர் மீட்டரின் தடை மிக மிகக் குறைவு என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்த நேரத்தில் முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் ஏறக்குறையப் பூஜ்ஜியம். திறனும் பூஜ்ஜியம்தான். இரண்டு வெவ்வேறு நேரங்களில், இரண்டு பூஜ்ஜியங்களிலிருந்து, 1.8 வாட்டைப் பெருக்கி எடுத்திருக்கிறோம்!

ரொட்டி சானாய்க் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரொட்டி 100 ரிங்கிட் என்று எழுதிப்போட்டால் ஒருவரும் வாங்கமாட்டார். இலவசம் என்றால் 200 பேர் வரிசையில் நிற்பார்கள். விலை 100, ஆள் 200, ஆகவே இன்றைய வருமானம் 20,000 ரிங்கிட் என்று கடைக்காரர் கணக்கு எழுதினால் எப்படி இருக்கும்? எங்கள் 1.8 வாட்டும் அப்படிப்பட்ட வருமானம்தான்.

இதில் இன்னொரு தப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி மோட்டார் பக்கமே வைத்துவிட்டு, ஜெனரேட்டர் முனைகளை ஆம்பியர் மீட்டரால் இணைத்தேன். மோட்டாரின் சத்தம் சட்டென்று இறங்கியது. கீச்சென்று பாடிக்கொண்டிருந்தது உறுமத் தொடங்கியது. அதே நொடியில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 0.40-லிருந்து 1.2 ஆம்பியருக்குப் பக்கத்தில் ஏறியது. அதாவது, உள்ளே போகும் திறன் மூன்று மடங்கு ஆகிவிட்டது. ஜெனரேட்டரிடமிருந்து மின்னோட்டம் எடுக்க எடுக்க, அது சுழல மறுக்கிறது; அதைச் சுழற்ற மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு அலைந்ததால் அவன் இதைப் பார்க்கவே இல்லை. நான் அன்று எழுந்துபோய் ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றிருந்தால், காதாலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

சரி, முறையாக அளந்தால் என்ன வருகிறது? ஜெனரேட்டர் முனைகளில் 10 ஓம் மின்தடையம் ஒன்றை இணைத்தேன். அதை எடுக்காமல், எல்லா அளவுகளையும் ஒரே நேரத்தில் படித்தேன். உள்ளே 3.0 வோல்ட், 0.58 ஆம்பியர், 1.74 வாட். வெளியே மின்தடையத்தின் மேல் 1.85 வோல்ட். இப்போது ஆம்பியர் அளக்க மீட்டரே தேவையில்லை. மின்னழுத்தத்தை அதே மின்னழுத்தத்தால் பெருக்கித் தடையால் வகுத்தால் போதும், 0.34 வாட். பயனுறுதிறன் 20 விழுக்காட்டுக்குப் பக்கம்.

150 எங்கே, 20 எங்கே! ஆனால், எனக்கு அன்று மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால், இந்த 20-க்குப் பிறகுதான் வேலை சுவாரசியமாகிறது. மீதி 1.40 வாட் எங்கே போனது? மோட்டாரின் சுருளின் தடையை அளந்தேன், சுமார் 1.5 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், மோட்டார் சுருள் சூடாவதற்கு 0.50 வாட் போகிறது. ஜெனரேட்டர் சுருளுக்கு 0.05. ஆக, 0.85 வாட் இன்னும் பாக்கி. அது உராய்வு, தூரிகைகளின் உரசல், காற்று, நடுவில் கோணிக்கொண்டு ஆடும் என் ரப்பர் குழாய். குழாயை நேராக்கினேன். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கொஞ்சம் குறைந்தது. தொட்டுப் பார்த்தேன், மோட்டாரின் உலோக உடல் நன்றாகவே சூடாகியிருந்தது. காணாமல்போன வாட் என் விரல் நுனியில் இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். பெயரை ஏற்கெனவே சொல்லிவிட்டோம். ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் தயாரிக்கும் குடும்பத்தில் 1818-இல் பிறந்தவர். உங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவராக இருந்தபோது, அவரும் கையால் மின்மோட்டார் செய்துகொண்டிருந்தார். நீராவி எந்திரத்தை மின்மோட்டார் ஓரங்கட்டிவிடும் என்று பெரிதாக நம்பினார். பிறகு உட்கார்ந்து அளந்தார். 1841-இல் அவருக்குக் கிடைத்த விடை கசப்பானது. பேட்டரியில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்து செய்யும் வேலை, நல்ல நீராவி எந்திரத்தில் ஒரு பவுண்டு நிலக்கரி செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். துத்தநாகமோ நிலக்கரியைவிடப் பல மடங்கு விலை.

அவர் அந்த எண்ணை மறைக்கவில்லை. மீதி எங்கே போகிறது என்று தேடினார். மின்னோட்டம் ஓடும் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கண்டறிந்தார். சற்றுமுன் 0.50 வாட் கணக்குப் போட்டோமே, அது அவருடைய விதி. 1843-இல் இன்னொன்று செய்தார். கம்பி சுற்றிய இரும்புச் சுருளைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் வைத்துக் காந்தத்துக்கு இடையே சுழற்றினார். அதுவும் ஒரு கையால் செய்த ஜெனரேட்டர்தான். சுழற்றச் செலவான வேலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடானது என்று ஒப்பிட்டார். நான் என் மாணவனிடம் வீசியெறிந்தேனே, ஆற்றல் அழியாமை விதி, அதற்கு அடித்தளம் போட்ட சோதனைகளில் ஒன்று அது. அந்த விதி மேலிருந்து வந்த கட்டளை அல்ல. தன் கருவி ஏமாற்றம் தந்தபோதும் கணக்கை மூடாதவர்கள் எழுதிய விதி.

“வெளிவரும் மின்சாரத்தை மோட்டாருக்கே திருப்பிக் கொடுத்தால் தானாக ஓடாதா?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எங்கள் கருவியில் 100 பங்கு போட்டால் 20 திரும்பி வரும். அந்த 20-ஐப் போட்டால் 4 வரும். அடுத்து ஒன்றுகூட வராது. ஆனால், இந்த யோசனையை வீண் என்று தள்ளிவிடாதீர்கள். 1886-இல் ஜான் ஹாப்கின்சன், எட்வர்ட் ஹாப்கின்சன் என்ற சகோதரர்கள் இதையே வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒரே மாதிரியான இரண்டு பெரிய எந்திரங்களை அச்சாலும் கம்பியாலும் இணைத்து, ஒன்றின் மின்சாரத்தை மற்றதற்கே திருப்பிவிட்டார்கள். வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது இழப்பை ஈடுகட்டும் அளவு மட்டும்தான். ஆகவே இழப்பு எவ்வளவு என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். ‘தானாக ஓடும் எந்திரம்’ என்ற கனவின் நேர்மையான வடிவம் என்று நான் அதைச் சொல்வேன்.

இப்போது காணொளிகளுக்கு வருவோம். மாமா வாட்ஸ்அப்பில் அனுப்புவாரே, சக்கரத்தில் காந்தங்களை ஒட்டி, சுருளுக்கு விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்து ஓட்டும் மோட்டார், ‘இலவச மின்சாரம்’ என்ற தலைப்போடு. சிலவற்றில் மேசைக்கு அடியில் பேட்டரி ஒளிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுவோம். சிலர் உண்மையாகவே நம்பித்தான் செய்கிறார்கள். அவர்களை ஏமாற்றுவது அவர்களுடைய மீட்டர்.

ஒரு கணக்குப் பாருங்கள். மின்சாரம் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பாய்கிறது. பாயும்போது 10 வோல்ட், 2 ஆம்பியர். மீதி நேரம் ஒன்றுமில்லை. பாயும்போது திறன் 20 வாட். பத்தில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் சராசரி 2 வாட். இதுதான் உண்மை. ஆனால், சாதாரண மீட்டர் சராசரியைக் காட்டும். 1 வோல்ட், 0.2 ஆம்பியர். பெருக்கினால் 0.2 வாட். அலைகாட்டியில் உச்சியை மட்டும் படித்துப் பெருக்கினால் 20 வாட். ஒரே கருவி, மூன்று விடைகள். சிறியதும் பெரியதும் ஒன்றுக்கொன்று நூறு மடங்கு வித்தியாசம். உள்ளே போவதற்கு ஒரு முறையும் வெளியே வருவதற்கு இன்னொரு முறையும் பயன்படுத்தினால், எந்த அதிசயத்தையும் நிரூபித்துவிடலாம். சராசரிகளைப் பெருக்குவதும், பெருக்கிய பிறகு சராசரி எடுப்பதும் ஒன்றல்ல.

விலையுயர்ந்த கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? ஜூல் செய்ததைச் செய்யலாம். வெளிவரும் மின்சாரத்தை ஒரு மின்தடையத்துக்குக் கொடுத்து, அதை மூடியிட்ட நுரைக் குவளையில் 50 கிராம் தண்ணீருக்குள் வையுங்கள். வருவது உண்மையிலேயே 2 வாட் என்றால் 10 நிமிடத்தில் 1,200 ஜூல். தண்ணீர் 5 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக வேண்டும். குவளை கொஞ்சம் வெப்பத்தைத் தின்றுவிடும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் எந்த வடிவத்தில் துள்ளினாலும் தண்ணீருக்குக் கவலையில்லை. வந்த ஜூலை மட்டும்தான் அது கணக்கு வைக்கும். இவையெல்லாம் பேட்டரியிலோ ஆய்வுக்கூட மின்வழங்கியிலோ மட்டும். வீட்டுச் சுவர் மின்சாரத்தோடு விளையாட வேண்டாம்.

‘சரி டீச்சர், பொம்மை மோட்டாரில் தப்பாக அளந்தால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவுக்கு 60 ரிங்கிட் நட்டம். இரவுச் சந்தையில் ‘மின்கட்டணத்தைக் குறைக்கும் பெட்டி’ என்று ஒன்றை விற்றார்கள். விற்பவர் ஒரு மின்விசிறி மோட்டாரை ஓடவிட்டு, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ஆம்பியர் மீட்டரைக் காட்டினாராம். பெட்டியைச் செருகியதும் ஆம்பியர் குறைந்தது. அம்மா கண்ணால் பார்த்தார். மீட்டர் பொய் சொல்லவும் இல்லை.

நம் வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடும் மாறுமின்னோட்டம். மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடச் சற்றுப் பின்தங்கி வரும். அதனால் கொஞ்சம் ஆற்றல் காந்தப்புலத்துக்குப் போய், செலவாகாமல் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது முக்கியமாக ஒரு மின்தேக்கி. போய்த் திரும்பும் அந்தப் பங்கை அது பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்கிக்கொள்கிறது. ஆகவே கம்பியில் ஆம்பியர் குறைகிறது. மோட்டார் உண்மையில் செலவிடும் வாட் அப்படியே இருக்கிறது. நம் வீட்டுக் கட்டணமோ கிலோவாட்-மணிக்குத்தான்; ஆம்பியருக்கு அல்ல. அம்மா மூன்று மாதம் பில்லைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பழைய வீடுகளில் அலுமினியத் தட்டு சுழலும் மின்மானி பார்த்திருப்பீர்கள். 1889-இல் ஹங்கேரிப் பொறியியலாளர் ஓட்டோ பிளாத்தி உருவாக்கிய வகையின் வழித்தோன்றல் அது. ஒரு சுருள் மின்னழுத்தத்துக்கு, இன்னொன்று மின்னோட்டத்துக்கு. இரண்டும் சேர்ந்துதான் தட்டைத் தள்ளும். ஒவ்வொரு கணத்திலும் இரண்டையும் பெருக்கிக்கொண்டே போகிறது. என் மாணவனும் நானும் செய்யத் தவறியதை அந்தத் தகரப் பெட்டி நூறாண்டுகளுக்கு மேலாகச் சரியாகச் செய்திருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1775-இல் பாரிஸ் அறிவியல் கழகம், இனித் தானாக ஓடும் எந்திரங்களைப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. வருகிறவர்கள் எல்லாருடைய எந்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு வேறு வேலை நடக்காது. ஆனால், பள்ளிக்கூடம் கழகம் அல்ல. எந்திரத்தை உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. எங்களுக்கு நேரமில்லை என்று சொல்வது பாதி உண்மை. திருத்த வேண்டிய புத்தகங்கள் மறுநாளும் அங்கேதான் இருந்தன.

அறிவியல் விழா நீதிபதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் விழுக்காட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ‘80 விழுக்காடு’ என்று எழுதி, எந்தச் சுமையில், எத்தனை மீட்டரால் அளந்தேன் என்று சொல்லத் தெரியாத குழுவைவிட, ‘20 விழுக்காடு, இன்னும் 0.85 வாட்டுக்குக் கணக்கு முழுதாகத் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். அப்படிக் கொடுக்காதவரை, மாணவர்கள் எண்ணைப் பெரிதாக்கத்தான் பழகுவார்கள். நாம்தான் பழக்குகிறோம்.

மாணவர்களே, உங்களுக்கு 150 வந்தால் அழிக்காதீர்கள். எந்த நேரத்தில், எங்கே மீட்டரை வைத்து, என்ன சுமையோடு அளந்தீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் தப்பு தானே கண்ணில் படும். படவில்லையென்றால் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அவர் விதியைச் சொல்லி அனுப்பினால், “விதி தெரியும் டீச்சர், தப்பு எங்கேன்னு காட்டுங்க” என்று பணிவாக நின்றுகொள்ளுங்கள்.

அந்த மாணவன் இப்போது படிவம் 6-ஐ முடித்துவிட்டான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொல்லி, நான் எழுதிய தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். “அப்ப நான் அளந்த எண்ணெல்லாம் சரிதான் டீச்சர், பெருக்குனதுதான் தப்பு” என்றான். ஆமாம் என்றேன். முறுக்கை மென்றுகொண்டே தாளைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டு, 10 ஓமுக்குப் பதிலாக 4.7 ஓம் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

போட்டுப் பார்த்தேன். 21 விழுக்காடு. மோட்டார்கள் இன்னும் ஆய்வுக்கூட அலமாரியில்தான் இருக்கின்றன. ரப்பர் குழாய் மட்டும் இரண்டு முறை மாற்றியாயிற்று. உங்கள் பள்ளியில் யாராவது 25-ஐத் தாண்டினால், இணைப்புக்கு என்ன பயன்படுத்தினீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதிப்போடுங்கள்.